எட்டு மணி நேரத்தில் 640 கோடி எழுத்து

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக ஒரு கோடு. கோடு மெல்ல நீள்கிறது, நிற்கிறது, மறுபடி நீள்கிறது. பக்கத்திலேயே இன்னொரு கோடு இதைவிட வேகமாக ஓடுகிறது. திடீரென்று அதுவும் நிற்கிறது. படம் இவ்வளவுதான். பேச்சு இல்லை, இசை இல்லை. ஆனாலும் நான் பார்த்த படங்களிலேயே திரும்பத் திரும்பப் பார்த்தது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். ஏனென்றால் அந்தக் கோடு ஒவ்வொன்றும் ஒற்றை டிஎன்ஏ மூலக்கூறு. பாக்டீரியாவிலிருந்து பிரித்தெடுத்த நொதிகள் அந்தக் கணத்தில் அதை நகலெடுத்துக்கொண்டிருப்பதால்தான் அது நீள்கிறது.

2017-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில், ஸ்டீபன் கோவல்சிகோவ்ஸ்கியின் ஆய்வகத்தில் எடுத்தது அது. வட்டமான டிஎன்ஏவைக் கண்ணாடித் தகட்டில் பொருத்தி, நொதிகள் கலந்த திரவத்தை அதன்மேல் ஓடவிட்டு, இரட்டை இழையில் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சாயத்தைச் சேர்த்திருக்கிறார்கள். நகல் நீள நீள ஒளிக்கோடும் நீள்கிறது. எல்லா மூலக்கூறும் ஒரே சீரான வேகத்தில் போகும் என்றுதான் நாம் நினைப்போம். அங்கே ஒன்று விரைகிறது, ஒன்று ஊர்கிறது, ஒன்று முழுதாக நின்றுவிட்டுப் பிறகு கிளம்புகிறது. வேகத்தில் பத்து மடங்குவரை வித்தியாசம். நகலெடுக்கும் நொதி நின்றுவிட்டால், அதற்கு முன்னால் இழைகளைப் பிரித்துக்கொண்டு போகிற நொதி தன் வேகத்தை ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்கிறது. பின்னால் உள்ளது வந்து சேர்ந்ததும் பழைய வேகம் திரும்புகிறது. இதைப் படித்துவிட்டு மறுபடி படத்தை ஓடவிட்டேன். உடம்பு சிலிர்த்துவிட்டது.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவன். இந்தப் பாடத்தை அப்போதே படித்திருக்கிறேன். கவட்டை வடிவத்தில் ஒரு படம், நாலைந்து அம்புக்குறி, ஒவ்வொரு அம்புக்கும் ஒரு நொதியின் பெயர். வரைந்து பாகங்களைக் குறித்தால் ஐந்து மதிப்பெண். அசையாத அந்தப் படத்தில் நடக்கும் காரியத்தின் வேகமும் இல்லை, அழகும் இல்லை. ஹெலிகேஸ், பிரைமேஸ், பாலிமரேஸ், லிகேஸ் என்று பெயர்களை வரிசையாக ஒப்பித்தோம். அந்த வரிசையில் வரும் ஒவ்வொருவரும் இந்த நிமிடம் என் எலும்பு மஜ்ஜையில் வேலை பார்க்கிறார்கள் என்ற உணர்வு மட்டும் வரவே இல்லை. அது வந்த நாளிலிருந்து யார் கிடைத்தாலும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். இப்போது நீங்கள் கிடைத்திருக்கிறீர்கள்.

அடிப்படையை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். டிஎன்ஏ இரண்டு இழை; ஒவ்வொன்றும் வேதி எழுத்துகளின் வரிசை. ஒன்றில் அடினைன் இருந்தால் எதிரே தைமின். குவானைன் இருந்தால் எதிரே சைட்டோசின். ஆகவே ஒரு இழை கையில் இருந்தால் போதும், மற்றதை எழுதிவிடலாம். செல் பிரியும் முன் இரண்டு இழையும் விலகுகின்றன. ஒவ்வொன்றின் எதிரிலும் புது இழை உருவாகிறது. கடைசியில் இரண்டு முழு டிஎன்ஏ. இரண்டிலும் பாதி பழசு, பாதி புதுசு. பள்ளிப் புத்தகத்தில் இதற்குப் ‘பாதி பழமை பேணும் முறை’ என்று பெயர்.

இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதில்தான் எனக்குப் பைத்தியம். 1953-ல் வாட்சனும் கிரிக்கும் இரட்டைச் சுருளை முன்வைத்தபோதே நகலெடுப்பு இப்படித்தான் நடக்கும் என்று ஊகித்தார்கள். விஞ்ஞானி மாக்ஸ் டெல்ப்ருக் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை நீளமாக முறுக்கிக்கிடக்கும் இழைகளைச் சிக்கில்லாமல் பிரிக்க முடியாது, ஆகவே துண்டு துண்டாக வெட்டி ஒட்டித்தான் நகல் உருவாக வேண்டும் என்றார். பழைய டிஎன்ஏ அப்படியே முழுதாக இருக்க, முழுப் புதுசாக இன்னொன்று உருவாகலாம் என்பது மூன்றாவது சாத்தியம். மூன்றில் எது? மூலக்கூறைக் கண்ணால் பார்க்க முடியாத காலம்.

கால்டெக்கில் மாத்யூ மெசல்சன், ஃபிராங்க்ளின் ஸ்டால் என்று இரண்டு இளைஞர்கள். அவர்கள் செய்ததைக் கேளுங்கள். ஈ.கோலை பாக்டீரியாவை 14 தலைமுறைக்கு எடை கூடிய நைட்ரஜன்–15 மட்டும் கலந்த தீனியில் வளர்த்தார்கள். அதனால் அதன் டிஎன்ஏ முழுதும் கனமாகிவிட்டது. பிறகு சட்டென்று சாதாரண நைட்ரஜன்–14 தீனிக்கு மாற்றினார்கள். இனி உருவாகும் இழை எல்லாம் இலேசு. அவ்வப்போது கொஞ்சம் பாக்டீரியாவை எடுத்து, டிஎன்ஏவைப் பிரித்து, சீசியம் குளோரைடு கரைசலில் கலந்து, நிமிடத்துக்கு 44,770 சுற்று வேகத்தில் 20 மணி நேரம் சுழலவிட்டார்கள். கனமான டிஎன்ஏ ஓரிடத்திலும் இலேசானது வேறிடத்திலும் பட்டையாகத் தங்கும்.

ஒரு தலைமுறை கழிந்தபோது சரியாக நடுவில் ஒரே ஒரு பட்டை. பழசு முழுதாக அப்படியே இருக்கும் என்ற கட்சி அங்கேயே அவுட். இரண்டாம் தலைமுறையில் நடுவில் ஒரு பட்டை, இலேசான இடத்தில் ஒரு பட்டை, சரிபாதியாக. வெட்டி ஒட்டும் கட்சியும் அவுட். 1958-ல் வெளியான அந்தக் கட்டுரையின் புகைப்படங்களை நான் அச்செடுத்து மேசைமேல் ஒட்டியிருக்கிறேன். சாம்பல் நிறப் பின்னணியில் கறுப்புக் கோடுகள். வரிசையாக மேலிருந்து கீழே படித்தால், இயற்கையிடம் மூன்று கேள்வி கேட்டு ஒன்றுக்கு மட்டும் ஆமாம் என்று பதில் வாங்கியது தெரியும். உயிரியலிலேயே மிக அழகான பரிசோதனை என்று இதைச் சொல்வார்கள். எனக்கு அதில் இம்மியளவும் சந்தேகம் இல்லை.

டெல்ப்ருக்கின் முடிவு தோற்றது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி அசல் கேள்வி. முறுக்கு என்ன ஆகும்? இரண்டு புரிக் கயிறு ஒன்றை எடுத்து, மறுமுனையை யாரையாவது இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இந்தப் பக்கம் புரிகளைப் பிரித்துப் பாருங்கள். பிரிக்கப் பிரிக்க முன்னால் உள்ள கயிறு இன்னும் முறுகி, கடைசியில் திருகித் திரண்டுகொள்ளும். டிஎன்ஏவில் பத்தரை எழுத்துக்கு ஒரு முறுக்கு. பாக்டீரியாவில் விநாடிக்குச் சுமார் 1,000 எழுத்து நகலாகிறது. கணக்குப் போட்டால் முன்னால் உள்ள டிஎன்ஏ நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 6,000 சுற்று சுழன்றாக வேண்டும். அந்த முறுக்கை எடுத்துவிடுவதற்கென்றே டோப்போஐசோமரேஸ் என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. முதலாவதை ஜேம்ஸ் வாங் 1971-ல் கண்டுபிடித்தார். இவை இழையை வெட்டி, முறுக்கைத் தளர்த்தி, வெட்டிய இடத்தைத் தழும்பே இல்லாமல் மூடிவிடும். பாக்டீரியாவில் இந்த வேலையைச் செய்யும் கைரேஸ் நொதி இழையை வெட்டிய நிலையிலேயே அதைச் சிக்கவைத்துவிடுவதுதான் சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை செய்யும் காரியம். மருந்துக்கடையில் அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுழலும் டிஎன்ஏதான் கண்ணில் தெரிகிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது.

டிஎன்ஏவின் இரண்டு இழையும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன. நகலெடுக்கும் பாலிமரேஸ் நொதியோ ஒரே திசையில்தான் எழுதும். இரட்டை இழை பிரிந்து திறந்துகொண்டே போகும்போது, ஒரு இழைக்குச் சிக்கல் இல்லை. திறப்பைத் தொடர்ந்து பாலிமரேஸ் எழுதிக்கொண்டே போகலாம். மற்ற இழையில் எழுத வேண்டிய திசை, திறப்பு போகும் திசைக்கு நேர் எதிர். என்ன செய்வது? கொஞ்சம் திறக்கும்வரை காத்திருந்து, பின்னோக்கி ஒரு துண்டு எழுதி, மறுபடி முன்னால் போய் இன்னொரு துண்டு எழுத வேண்டும். அதிலும் பாலிமரேஸுக்குத் தானாகத் தொடங்கத் தெரியாது. ஒவ்வொரு துண்டுக்கும் பிரைமேஸ் நொதி ஒரு சின்ன ஆர்என்ஏவைப் போட்டுக் கொடுக்கும். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் எழுத்து தொடங்கும். பிறகு அந்த ஆர்என்ஏவை அகற்றி, இடைவெளியை நிரப்பி, துண்டுகளை லிகேஸ் நொதி ஒட்டும்.

இந்தத் துண்டுகள் இருப்பதைக் காட்டியவர்கள் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் ரெய்ஜி ஓகசாகி, ட்சுனேகோ ஓகசாகி என்ற தம்பதி. கதிரியக்கம் உள்ள தைமிடினை பாக்டீரியாவுக்குச் சில விநாடி மட்டும் கொடுத்து உடனே நிறுத்தினார்கள். அந்தக் கணநேரத்தில் புதிதாக உருவான டிஎன்ஏ மட்டும் அடையாளம் பெறும். பார்த்தால், ஆயிரம் இரண்டாயிரம் எழுத்து நீளமுள்ள குட்டித் துண்டுகள்! கூடுதல் நேரம் விட்டால் அவையே ஒட்டி நீண்ட இழையாகின்றன. ஒட்டும் லிகேஸ் பழுதான நிலையில் துண்டுகள் ஒட்டாமல் குவிந்துகொண்டே போகின்றன. 1968-ல் இதை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுதும் மாணவர்கள் எழுதும் ‘ஓகசாகி துண்டுகள்’ இவைதான்.

ரெய்ஜி ஹிரோஷிமாவில் பிறந்தவர். 1945-ல் அணுகுண்டின் கதிர்வீச்சுக்கு ஆளானவர். 1975-ல், 44 வயதில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். ட்சுனேகோ ஆய்வை நிறுத்தவில்லை. துண்டின் தலைப்பில் இருக்கும் ஆர்என்ஏ எப்படிப்பட்டது என்பதை நிறுவியவர் அவர். 2021-ல் ஜப்பான் அவருக்குக் கலாசார விருதளித்தது. எத்தனை வருடம் இந்தப் பெயரை எழுதி மதிப்பெண் வாங்கினோம். இந்தக் கதையை ஒருவரும் சொல்லவில்லை. வகுப்பெடுக்கும் ஆசிரியர்கள் இதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கக் கூடாதா என்று எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

சரி, இந்தத் துண்டு வேலை எதற்கு? இரண்டு திசையிலும் எழுதத் தெரிந்த நொதி ஒன்று இருந்தால் எவ்வளவு சுலபம்! நானும் வெகுநாள் அப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் கிடைத்தபோது நாற்காலியைவிட்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஒரு எழுத்தைச் சேர்ப்பதற்குச் சக்தி வேண்டும். இப்போதுள்ள திசையில், புதிதாக வந்து சேரும் எழுத்தே தன் சக்தியைக் கையோடு கொண்டுவருகிறது. தப்பான எழுத்து சேர்ந்துவிட்டால் பாலிமரேஸ் ஒரு அடி பின்வாங்கி அதைக் கழித்துவிடும். அடுத்து வரும் சரியான எழுத்து தன் சக்தியோடு வந்து உட்கார்ந்துகொள்ளும். எதிர்த் திசையில் எழுதுவதாக இருந்தால் அந்தச் சக்தி ஏற்கெனவே வளர்ந்த இழையின் நுனியில் இருக்க வேண்டும். நுனி எழுத்தைக் கழித்தால் சக்தியும் கூடவே போய்விடும்; இழை அந்த இடத்திலேயே மொட்டையாக நின்றுவிடும். அதாவது ஒரே திசையில் எழுதினால்தான் எழுதும்போதே பிழை திருத்த முடியும். அந்தத் துண்டு துண்டான, சுற்றி வளைத்த, பார்க்கப் பரிதாபமான ஏற்பாடு முழுவதும் பிழையில்லாமல் எழுதுவதற்காகச் செல் கொடுக்கும் விலை! நம் செல்லில் இந்தத் துண்டுகள் பாக்டீரியாவில் இருப்பதைவிடச் சிறியவை, இருநூறு எழுத்துக்கும் குறைவு. அப்படியானால் ஒரு செல் ஒரே ஒரு முறை பிரிவதற்கு மூன்று கோடிக்கும் அதிகமான துண்டுகளை எழுதி ஒட்ட வேண்டும். ஒட்டுகிறது.

விலைக்குக் கிடைத்த சரக்கையும் பாருங்கள். மனித செல் ஒன்றில் இரண்டு தொகுதிக் குரோமோசோம்களும் சேர்ந்து சுமார் 640 கோடி எழுத்து ஜோடி. நீட்டினால் இரண்டு மீட்டர். எழுத்து பொருந்துவதை மட்டும் நம்பி எழுதினால் ஏறக்குறைய லட்சத்துக்கு ஒரு பிழை வரும். ஒரு நகலில் 64,000 பிழை. எழுதும்போதே திருத்துவதால் அது நூறில் ஒரு பங்காகிறது. அதையும் தாண்டித் தப்பியவற்றை எழுதி முடித்த பிறகு இன்னொரு குழு வந்து தேடிப் பிடிக்கிறது. அந்தக் குழுவுக்கு ஒரு பெரிய கேள்வி: ஜோடி பொருந்தவில்லை என்றால் எது சரி, எது தப்பு? ஈ.கோலையில் பழைய இழையில் ஆங்காங்கே மெத்தில் அடையாளம் இருக்கும். புது இழைக்கு அது வந்துசேரக் கொஞ்சநேரம் ஆகும். அந்த இடைவேளைக்குள் அடையாளம் இல்லாத இழையைத் திருத்திவிடுகிறார்கள். இதை விளக்கியதற்காகத்தான் பால் மோட்ரிச்சுக்கு 2015-ல் நோபல் கிடைத்தது. எல்லாச் சல்லடையும் தாண்டி நிற்பது நூறு கோடியிலிருந்து ஆயிரம் கோடி எழுத்துக்கு ஒரு பிழை. ஒரு முழு நகலில் விரல்விட்டு எண்ணலாம். மனிதக் கையால் செய்த எந்த வேலையிலும் இந்தச் சுத்தத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

வேகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் செல்லில் நகலெடுப்பு பாக்டீரியாவைவிட மெதுவு. விநாடிக்கு ஏறக்குறைய 50 எழுத்து. நம் முதல் குரோமோசோமில் மட்டும் சுமார் 25 கோடி ஜோடி. நடுவில் ஒரே இடத்தில் தொடங்கி இரண்டு பக்கமும் ஓடினாலும் அதை முடிக்க ஒரு மாதம் ஆகும். செல்லோ சுமார் எட்டு மணி நேரத்தில் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. பல்லாயிரம் இடங்களில் தொடங்குவதுதான் சூட்சுமம். பல்லாயிரம் இடத்தில் தொடங்கியும் எந்தப் பகுதியும் இரண்டாம் தடவை நகலாவதில்லை. 1970-ல் பொட்டு ராவும் ராபர்ட் ஜான்சனும் வெவ்வேறு கட்டத்தில் இருந்த மனித செல்களை ஒன்றோடொன்று இணைத்துப் பார்த்தார்கள். நகலெடுத்துக்கொண்டிருக்கும் செல்லோடு, இன்னும் தொடங்காத செல்லைச் சேர்த்தால் அது சீக்கிரமே தொடங்கிவிட்டது. ஏற்கெனவே முடித்த செல்லைச் சேர்த்தால் அது அசையவே இல்லை. ‘என் வேலை முடிந்தது’ என்று அந்த உட்கருவுக்குத் தெரிந்திருக்கிறது! பிரதி எடுப்பதற்கான அனுமதியாக ஒரு புரத வளையம் முன்கூட்டியே இழையில் ஏற்றப்படுகிறது, வேலை தொடங்கிய பிறகு புதிதாக ஏற்ற விடமாட்டார்கள் என்பது பின்னால் தெரிந்தது.

எங்கள் வீட்டிலும் இந்தப் பாடம் ஒரு நாள் வந்து நின்றது. அம்மாவுக்கு முதுகில் அக்கி. ஊரில் காவி எழுதிவரச் சொன்னார்கள். டாக்டர் அசைக்ளோவிர் எழுதிக் கொடுத்தார். அந்த மாத்திரையின் வேலையைப் படித்துப் பார்த்தேன். அது ஒரு போலி எழுத்து. அக்கி வைரஸின் சொந்த நொதிதான் அதை முதலில் உசுப்பிவிடும். அதனால் வைரஸ் இல்லாத செல்லில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். வைரஸ் தன் டிஎன்ஏவை நகலெடுக்கும்போது இந்தப் போலியை எடுத்துக் கோத்துக்கொள்ளும். அடுத்த எழுத்து பற்றிக்கொள்ளும் கொக்கி அதில் இல்லை. இழை அங்கேயே முடிந்துவிடும். கெர்ட்ரூட் எலியனின் குழுவில் உருவான மருந்து. 1988-ல் நோபல் பெற்றவர் அவர். அம்மாவிடம் உட்கார்ந்து இதையெல்லாம் சொன்னேன். “வலி கொறைஞ்சிருக்குடா, அது போதும்” என்றார்கள். எனக்கு அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

டேவிஸ் ஆய்வகம் நமக்கு எட்டாது. வெங்காயம் எட்டும். பெரிய வெங்காயத்தின் காய்ந்த வேரை நறுக்கிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி டம்ளர்மேல் வைத்தால் சில நாளில் வெள்ளை வேர் விடும். காலையில் நுனியை வெட்டி, அசிட்டிக் அமிலமும் ஆல்கஹாலும் கலந்ததில் போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயமேற்றி, ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின்மேல் கட்டைவிரலால் அழுத்த வேண்டும். பிளஸ் டூ படிக்கும் அக்கா மகளோடு அவள் பள்ளி ஆய்வகத்தில் ஆசிரியர் துணையோடு செய்தேன். அவள்தான் முதலில் பார்த்தாள். “மாமா, ஒவ்வொண்ணும் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு இருக்கு!”

அதேதான். சிவந்து தடித்துத் தெரியும் 16 குரோமோசோம்களில் ஒவ்வொன்றும் ஏற்கெனவே நகலாகி, இரண்டாக ஒட்டிக்கொண்டு, பிரிவதற்குக் காத்திருக்கிறது. சுற்றிலும் வெறும் உருண்டை உட்கருவோடு, ஒன்றுமே நடக்காததாகத் தோன்றும் செல்கள்தான் அதிகம். அவற்றில் பலவற்றில்தான் அந்த நகலெடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. 1957-ல் ஹெர்பர்ட் டெய்லரும் அவருடைய கூட்டாளிகளும் அவரை வகையான ஒரு செடியின் வேர்நுனியில், கதிரியக்கத் தைமிடினைக் கொடுத்து, குரோமோசோமிலும் பழசும் புதுசும் இதே முறையில் பிரிவதைக் காட்டினார்கள். மெசல்சனுக்கும் ஸ்டாலுக்கும் ஒரு வருடம் முன்னால், வெறும் வேர்நுனியில்!

பிள்ளைகள் இந்தப் பாடத்தைப் படிக்கும் வீடாக இருந்தால், புத்தகத்தை ஒரு மாலை மூடிவைக்கச் சொல்லுங்கள். முதலில் அந்த ஒளிக்கோட்டுப் படத்தைக் காட்டுங்கள். அடுத்த வாரம் பள்ளியில் கேட்டு வேர்நுனி ஸ்லைடு போடச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்லிக் கொடுங்கள்: வெங்காயத்தின் டிஎன்ஏ நம்முடையதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. சமையலறைக் கூடையில் முளைவிடும் அந்த வெங்காயம், ஒவ்வொரு செல் பிரியும்போதும் நம்மைவிட ஐந்து மடங்கு எழுத்தை நகலெடுத்து முடிக்கிறது.